லேசர் கண்ணும் பழைய சோடாபுட்டியும்

கண்ணில் லேசர் செய்துகொண்டவனுக்கு பைலட் மெடிக்கல் கிடைக்குமா?

ஐந்து மாதம் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அலைந்தவன் நான். இப்போது அதே கேள்வியை மற்றவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பக்கத்து சீட்டுப் பையன், அவனுடைய மச்சான், மச்சானின் ரூம்மேட் என்று வாரத்துக்கு ஒரு போன் வருகிறது. ஆளுக்கு முக்கால் மணி நேரம் பேசி வாய் வலிப்பதால் மொத்தமாக இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

பதில்: கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ஆனால் என் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் கிடைக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அது எவ்வளவு மோசமாக இருந்தது என்று காட்டிய பிறகுதான் கிடைத்தது. கேட்கக் கோக்குமாக்காக இருக்கிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். "கண்ணாடி போட்டவன் பைலட் ஆக முடியாது" என்று நம் ஊரில் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். என் பள்ளிக்கூட பிஸிக்ஸ் வாத்தியார் உட்பட. விமானப்படையில் சேர்ந்து ஜெட் ஓட்டுவது வேறு கதை. அங்கே விதிகள் ரொம்பக் கடுமை. ஆனால் நீங்களும் நானும் டிக்கெட் வாங்கி ஏறுகிற பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கு அப்படி இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, முதல் வகுப்பு மெடிக்கலுக்கு ஒவ்வொரு கண்ணும் தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டு தெரிந்தாலே போதும். கூடவே உபரியாக இன்னொரு கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

6/9 என்றால் என்ன? சாதாரணக் கண் 9 மீட்டர் தள்ளி நின்று படிக்கிற எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடிகிறது என்று அர்த்தம். டாக்டர் ரூமில் தொங்கும் அந்த எழுத்துப் பலகையை 1862ல் கொடுத்தவர் ஸ்னெல்லன் என்ற டச்சு டாக்டர். நூற்றறுபது வருடம் தாண்டியும் அவர் பெயரைச் சொல்லித்தான் நம்மை உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே, பைலட் ஆவதற்காகவே லேசர் செய்துகொள்ளப் போகிறேன் என்று கிளம்பும் தம்பிகள், தங்கைகள் கொஞ்சம் நில்லுங்கள். கண்ணாடி போட்டே உங்கள் பார்வை அந்த அளவுக்கு வருகிறதா என்று ஒரு கண் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தால் இந்தப் பதிவின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவையே இல்லை. போய்ப் புள்ளை குட்டிகளைப் படிக்க வையுங்கள்.

நிற்க.

நான் லேசர் செய்துகொண்டது 2017ல், 24 வயதில். அப்போது பறக்கிற எண்ணமெல்லாம் இல்லை. பெங்களூர் மழையில் ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி பனிமூட்டமாகி பைக்கை ஓரம் கட்டிக் கட்டித் துடைத்து அலுத்துப்போனதுதான் காரணம். அரை மணி நேர வேலை. மறுநாள் காலை எழுந்து ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணியின் க்ளிப் தனித்தனியாகத் தெரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து சோடாபுட்டி என்று பெயர் வாங்கியவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சோடாபுட்டிகளுக்குத்தான் தெரியும்.

அடியேனுக்கு வேலை பொட்டி தட்டுவது. பத்து வருடமாக பெங்களூர். எலகங்கா பக்கம் வீடு. தினமும் ஆபீசுக்குப் போகிற வழியில் ஜக்கூர் விமான தளம். சின்னச் சின்ன விமானங்கள் வட்டமடித்து இறங்குவதைப் பல நாள் பார்த்தாயிற்று. பார்த்துப் பார்த்து வந்த வினைதான் எல்லாம். 31 வயதில், ஈஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிற ஒருவன், அரைக் கோடியைத் தாண்டுகிற பயிற்சிச் செலவை யோசிப்பது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். தங்கமணி மட்டும் பைத்தியம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"முதல்ல அந்த மெடிக்கல் சர்டிபிகேட் கைக்கு வரட்டும். அப்புறம் பேப்பர் போடலாம். அதுக்கு முன்னாடி ராஜினாமாங்கிற வார்த்தையே இந்த வீட்டுல வரக் கூடாது."

நியாயமான நிபந்தனை. பயிற்சிப் பள்ளியும் அதையேதான் சொன்னது. பணம் கட்டி, பறந்து, 200 மணி நேரம் முடித்து, கடைசியில் உடம்பு சரியில்லை என்று கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்காமல் போனால் பணமும் போச்சு, வேலையும் போச்சு.

இந்தியாவில் நடைமுறை இதுதான். முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கல். டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பயிற்சி மாணவர்களுக்கும் தனியார் லைசென்ஸ்காரர்களுக்கும் அது போதும். சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதென்றால் முதல் வகுப்பு வேண்டும். அதற்கு விமானப்படையின் மருத்துவ மையங்களுக்கோ டிஜிசிஏ அங்கீகரித்த மையங்களுக்கோ போக வேண்டும். விண்ணப்பம் எல்லாம் இப்போது இணையத்தில்தான். பெங்களூரிலேயே 1957ல் தொடங்கிய விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ககன்யான் வீரர்களைப் பொறுக்கி எடுத்த சோதனைகள் நடந்தது அங்கேதான். எனக்கு அங்கே தேதி அமையவில்லை. வேறு ஊரில் ஒரு மையத்தில் கிடைத்தது.

இரண்டாம் வகுப்பு சுலபமாக முடிந்தது. விண்ணப்பத்தில் இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். "2017, இரண்டு கண்ணிலும் லாசிக்" என்று எழுதினேன். மறைத்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். லாசிக்கில் கருவிழியின் மேல்படலத்தை மூடி மாதிரி ஒரு வட்டமாக வெட்டித் திறந்து, அடியில் லேசர் அடித்து, மறுபடி மூடி வைக்கிறார்கள். அந்த வட்டத்தின் விளிம்பு பல வருடம் கழித்தும் ஸ்லிட் லாம்ப் வெளிச்சத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். கருவிழியின் மேடு பள்ளத்தைப் படம் பிடிக்கிற டோபோகிராபி மெஷினில் வைத்தால் இன்னும் மோசம். நடுவில் தட்டையாக்கப்பட்ட இடம் நீலமாக, ஏரி மாதிரி காட்டிக் கொடுத்துவிடும். மறைத்து மாட்டினால் அப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் அவர்கள் நம்பத் தேவையில்லை.

முதல் வகுப்புக்குப் பிப்ரவரியில் போனேன். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், காது சோதனை எல்லாம் வரிசையாக முடிந்தன. இஷிஹாரா புத்தகத்தில் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை மளமளவென்று வாசித்தேன். பலகையில் 6/6 வரிசை இரண்டு கண்ணிலும் தெரிந்தது. மனதுக்குள் நான் அப்போதே பேப்பர் போட்டாயிற்று.

கடைசியில் கண் டாக்டர். பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். என் கோப்பைப் புரட்டினார்.

"ஆபரேஷனுக்கு முன்னால் பவர் எவ்வளவு?"

"இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.75, மேடம்."

"நீங்கள் சொல்வது சரி. பேப்பர் எங்கே?"

நான் கொடுத்திருந்தது ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி. இன்ன தேதியில் லாசிக் செய்யப்பட்டது, இன்ன சொட்டு மருந்து போடவும், ஒரு வாரம் தலைக்குக் குளிக்க வேண்டாம். அதில் பழைய பவர் எங்கேயும் இல்லை.

"பவர் எத்தனை வருடமாக மாறாமல் இருந்தது? ஆபரேஷனுக்கு முன் எடுத்த டோபோகிராபி? கார்னியா எவ்வளவு தடிமன் இருந்தது?"

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தற்காலிகமாகத் தகுதியில்லை. கேட்ட விவரங்களோடு மறுபடி வரவும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. 6/6 தெரிகிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் ஏழெட்டு வருடம் முன்னால் என்ன தெரிந்தது என்பது யாருக்கு வேண்டும்? தங்கமணியிடம் கத்தினேன். அவள், "அவங்க கேக்கறதுக்கு ஏதாவது காரணம் இருக்கும். அதை முதல்ல தெரிஞ்சுக்கோ" என்றாள். பொட்டி தட்டுகிறவனுக்கு, பிழையைச் சரி செய்வதற்கு முன்னால் அது ஏன் வந்தது என்று பார்க்கணும் என்று பொட்டி தட்டாத ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் ஒரு கண் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். பொறுமைசாலி. ஒரு வெள்ளைத்தாளில் கண்ணை வரைந்து விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

கண் ஒரு பந்து. முன்னால் கார்னியா, பின்னால் விழித்திரை. சாதாரணமாக முன்னுக்கும் பின்னுக்கும் சுமார் 23, 24 மில்லிமீட்டர் தூரம். கிட்டப்பார்வைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பந்து கொஞ்சம் நீண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் பவர் கிட்டத்தட்ட இரண்டரை, மூன்று ஏறிவிடும். பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுவதால் தூரத்தில் இருப்பது மங்கல்.

லேசர் என்ன செய்கிறது? பின்பக்கத்தைத் தொடுவதே இல்லை. முன்னால் இருக்கிற கார்னியாவைச் சீவித் தட்டையாக்கி, பிம்பத்தைப் பின்னால் தள்ளி வைக்கிறது. கண்ணாடியைத் தனியாக மாட்டாமல் கண்ணிலேயே செதுக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பந்து அதே நீளப் பந்துதான். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்திருக்கலாம். அது கிழிந்து கழன்று வருகிற ஆபத்து கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். லேசர் செய்ததால் அந்த ஆபத்து ஒரு துளியும் குறைவதில்லை.

"உங்களுக்குக் கண்ணாடிதான் போச்சு. கிட்டப்பார்வை போகலை" என்றார் அவர்.

எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பலகையில் 6/6 வாசிக்கிற என் கண்ணும், பிறவியிலேயே நல்ல கண் உள்ளவனின் 6/6ம் வெளியே ஒன்று. உள்ளே வேறு. எது வேறு என்று தெரிய வேண்டுமானால் பழைய கணக்கு வேண்டும். லேசர் அந்தக் கணக்கை அழித்துவிட்டது. அதனால்தான் பேப்பரைக் கேட்கிறார்கள்.

இன்னொன்று, பவர் நிலைத்திருந்ததா என்பது. கார்னியா தானாகவே மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளுகிற நோய் ஒன்று உண்டு. அது இருக்கிற கண்ணில் லேசர் அடித்தால் பிற்பாடு நிலைமை மோசமாகும். ஆபரேஷனுக்கு முந்தைய சில வருடங்கள் பவர் ஏறாமல் நின்றிருந்தால் அது ஒரு நல்ல அடையாளம். ஏறிக்கொண்டே இருந்தால் சந்தேகம்.

விமானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். அவர் ஒரு கதை சொன்னார். லேசர் வருவதற்கு முன்னால் கார்னியாவைக் கத்தியால் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி கீறிப் பவரைக் குறைக்கிற ஒரு ஆபரேஷன் இருந்தது. பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் அதைச் செய்துகொண்டவர். 1996 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். மேலே ஆக்ஸிஜன் குறையக் குறைய, கீறின இடங்களில் கார்னியா வீங்கி அவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. பாதி வழியில் நின்றார். அந்தப் பயணத்தில் பலர் செத்தார்கள். அவர் கை விரல்களையும் மூக்கையும் பனிக்குப் பறிகொடுத்துப் பிழைத்து வந்தார். லாசிக் அப்படிப்பட்டதல்ல. நாசாவே 2007ல் விண்வெளி வீரர்களுக்கு லாசிக்கை அனுமதித்துவிட்டது. ஆனாலும் 8000 அடி உயரத்துக்குச் சமமான காற்றழுத்தத்தில், ஈரப்பதம் வற்றிய விமானி அறையில், ராத்திரி ஓடுதள விளக்குகளைப் பார்த்து இறக்கப் போகிற ஒருவனின் கண்ணில் கத்தியோ லேசரோ பட்டிருந்தால் நாலு கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே.

லேசர் என்றதும் ஒரு இடைச்செருகல். இந்த வேலைக்கு உதவுகிற எக்ஸைமர் லேசர் உயிர்த்திசுவைச் சூடுபடுத்திக் கருக்காமல் நறுக்காகச் சீவும் என்று கண்டுபிடித்தவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1929ல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா போனவர். 1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் பண்டிகை விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டை ஐபிஎம் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அதன்மேல் லேசரை அடித்துப் பார்த்தார். கூட வேலை செய்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். மூன்று பேருக்கும் 2013ல் ஒபாமா வெள்ளை மாளிகையில் பதக்கம் போட்டார். என் கண்ணில் அடித்தது அந்த வான்கோழி லேசர்தான். நம்ம ஊர்க்காரர் கொடுத்த கண் என்று அப்பாவிடம் சொன்னபோது, "அவரு வேலைய விட்டுட்டா கண்டுபிடிச்சாரு?" என்று கேட்டார். அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். மாதச் சம்பளம் என்றால் அவருக்குக் கோயில்.

சரி, பேப்பருக்கு வருவோம். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கிளையே இல்லை. கட்டிடத்தில் இப்போது பல் ஆஸ்பத்திரி. தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டேன், போன் போட்டேன். நிர்வாகம் கை மாறிவிட்டது, பழைய கிளையின் ஏடுகள் தங்களிடம் வரவில்லை என்று மூன்று வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் வெளிநாடு போய்விட்டாராம்.

இடையில் ஏப்ரல் முடிந்தது. பயிற்சிப் பள்ளியிலிருந்து ஜூன் பேட்சுக்கு வருகிறீர்களா இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி வைத்தேன். அந்த இடம் வேறொரு பையனுக்குப் போனது.

யோசனை தங்கமணியுடையதுதான். "உன் பழைய கண்ணாடி என்னாச்சு?"

கண்ணாடியிலிருந்து பவரை அளக்க முடியும். கண்ணாடிக் கடைகளில் லென்ஸோமீட்டர் என்று ஒரு சின்ன மெஷின் இருக்கிறதே, அதில் வைத்தால் எண் வந்துவிடும். இதை எப்படி இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை!

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"பீரோவுல இருக்குய்யா. நீ ஆறாப்பு படிக்கும்போது போட்டதுல இருந்து எல்லாம் இருக்கு. எதுக்குக் கேக்க? கண்ணு மறுபடியும் கெட்டுப்போச்சா?"

இல்லை என்று புரிய வைக்கப் பத்து நிமிடம் ஆனது. மொத்தம் நாலு கண்ணாடி. ஒவ்வொன்றையும் அந்தந்தக் கூட்டோடு துணி சுற்றி வைத்திருந்தாள். எறிந்துவிடச் சொல்லி நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கினதை எறிவாங்களா என்பாள்.

அப்பா அதற்கு மேல் ஒன்று செய்தார். நான் கேட்கவில்லை. அவராகவே மெயின் ரோட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். கடை அண்ணாச்சி கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளாத மனிதர். வாடிக்கையாளர் பவரையெல்லாம் நீளமான கணக்கு நோட்டில் எழுதி வைப்பார். நோட்டு தீர்ந்தால் பரணில் போடுவார். அப்பாவும் அவருமாகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பரணிலிருந்து நோட்டுகளை இறக்கித் தூசி தட்டித் தேடியிருக்கிறார்கள். 2004ல் மைனஸ் 1.50. 2008ல் 3.25. 2013ல் 4.75. 2016ல் மறுபடி லென்ஸ் மாற்றியபோதும் அதே 4.75. கணக்குப்பிள்ளை அல்லவா, நாலு பக்கத்தையும் நகல் எடுத்து, கடை முத்திரை வாங்கி, அண்ணாச்சியின் கையெழுத்தும் தேதியும் போட்டு, மூலமும் நகலும் ஒன்றுதான் என்று அடியில் எழுதி வாங்கிவிட்டார்.

வேலையை விடக் கூடாது என்று சொல்கிற மனிதர், வேலையை விடுவதற்கு வேண்டிய பேப்பரைத் தேடி ஒரு நாள் முழுக்கத் தூசியில் நின்றிருக்கிறார். ஏன்ப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

பார்சல் ஆம்னி பஸ்ஸில் வந்தது. விடிகாலை ஐந்தரைக்கு மடிவாளாவில் போய் டிரைவரிடம் வாங்கினேன். ஒரு அட்டைப்பெட்டி. மேலே இரண்டு கிலோ கடலைமிட்டாய். நடுவில் சேலைத் துணியில் சுற்றிய நாலு கண்ணாடி. அடியில் பிளாஸ்டிக் கவரில் அப்பாவின் பேப்பர்கள், ஓரம் மடங்காமல்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். சிரித்துவிட்டார். 2016 கண்ணாடியை லென்ஸோமீட்டரில் வைத்தார்கள். மைனஸ் 4.75. நோட்டில் இருந்த அதே எண். பிறகு என் கண்ணை அளந்தார்கள். கண்ணின் நீளம் 25.3 மில்லிமீட்டர். சராசரியைவிட ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் அதிகம். அந்தப் பவருக்குப் பொருத்தமான நீளம்தான் என்றார். கார்னியா தடிமன் இப்போது 482 மைக்ரான். ஒரு பவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மைக்ரான் சீவியிருப்பார்கள் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஆபரேஷனுக்கு முன் 540 சொச்சம் வருகிறது. அதுவும் சராசரி மனிதனின் தடிமன்தான். டோபோகிராபியில் கூம்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. கண் அழுத்தத்தை அளந்தபோது எண் குறைவாக வந்தது. மெலிந்த கார்னியாவில் கருவி அழுத்தத்தைக் குறைத்துத்தான் காட்டும், அதனால் இனி வாழ்நாள் முழுக்க யார் அளந்தாலும் லாசிக் செய்தவன் என்று முதலில் சொல்லிவிடுங்கள் என்றார். இதை லேசர் செய்துகொண்ட எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். பைலட் ஆகாதவர்களும்தான்.

கடைசியாகச் சொட்டு மருந்து போட்டுப் பாப்பாவை விரிய வைத்து விழித்திரையின் ஓரங்களைப் பார்த்தார். மேலே பாருங்கள், இடது மேல், இடது, இடது கீழ் என்று கடிகாரம் மாதிரி சுற்றினார். வலது கண்ணில் ஒரு மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். மறுபடி அதே இடம். மறுபடி. அந்த வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜக்கூர், பேட்ச், கடன் எல்லாம் மறந்துபோய், கண் இருந்தால் போதும் என்ற இடத்துக்கு மனசு வந்துவிட்டது. "ஒண்ணுமில்லை, சுத்தமா இருக்கு. நீளமான கண்ணுங்கறதால ரெண்டு தடவை பார்த்தேன்" என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினால் வெயில் சுண்ணாம்பு மாதிரி எரிந்தது. போனில் ஒரு எழுத்துக்கூடப் படிக்க முடியவில்லை. தங்கமணிக்குப் போன் போட்டுத் தரச் சொல்லி ஆட்டோக்காரரிடம்தான் கேட்டேன். ஓரமாக நிறுத்தி நம்பரைப் போட்டுக் கொடுத்தார், பாவம்.

ஜூலையில் மறுபரிசோதனை. அதே மேடம். அப்பாவின் பேப்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். தமிழ் தெரியாதவர். எண்கள் எல்லா மொழியிலும் எண்கள்தானே. முத்திரையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். சொன்னேன். "ஆஸ்பத்திரியில் இல்லாதது கண்ணாடிக் கடையில் இருக்கிறது" என்றார். வெறும் கண்ணாடியும் நோட்டும் மட்டும் என்றால் போதாது, இப்போது எடுத்த அளவுகளோடு பொருந்திப் போவதால்தான் ஏற்கிறேன் என்றும் சொன்னார். கண் கூச்சம், மங்கலான வெளிச்சத்தில் பார்வை எல்லாவற்றையும் அவர் பங்குக்கு மறுபடி சோதித்தார். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. தகுதி உண்டு. நிபந்தனை எதுவும் இல்லை.

அன்றைக்கே பேப்பர் போட்டேன். இதை எழுதும்போது நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி ஆணிகளைப் புடுங்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பேட்சில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "வருசா வருசம் பார்ப்பாங்களாய்யா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். "அப்ப அந்தப் பேப்பரையெல்லாம் பத்திரமா வை. அண்ணாச்சி நோட்டை மறுபடி பரண்ல போட்டுட்டாரு."

லேசர் செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த எல்லாச் சோதனைகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பவர், டோபோகிராபி, கார்னியா தடிமன், கண்ணின் நீளம், விழித்திரைப் பரிசோதனைக் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அவர்கள் வைத்திருப்பார்கள் என்று விடாதீர்கள். ஆஸ்பத்திரி மூடும், கை மாறும், கம்ப்யூட்டர் மாறும். ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள்.

ஏற்கெனவே செய்து முடித்து, பேப்பரும் இல்லாதவர்கள் பழைய கண்ணாடி, பழைய சீட்டு, கண்ணாடிக் கடை பில் என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். தேதி இருந்தால் ரொம்ப நல்லது. மெடிக்கலுக்குப் போகிற முன்னாலேயே ஒரு கண் டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்துகொண்டு அந்த அறிக்கையோடு போங்கள்.

தற்காலிகமாகத் தகுதியில்லை என்று வந்தால் ஒப்பாரி வைக்க வேண்டாம். தற்காலிகம் என்று எழுதியிருப்பது நிஜமாகவே தற்காலிகம்தான். என்ன கேட்டிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படித்து அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பைலட் ஆகிற உத்தேசமே இல்லாத லேசர்காரர்கள் வருடம் ஒரு முறை விழித்திரையைக் காட்டிக்கொள்ளுங்கள். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் மழை மாதிரி கொட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. விதிகள் அவ்வப்போது மாறும். போகிற முன்னால் டிஜிசிஏ தளத்தில் இருக்கிற அன்றைய விதியைப் படித்துக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய் தீர்ந்துவிட்டது, யாரும் கேட்க வேண்டாம்.